ஜவ்வாது மலையில் ஸ்திரீ பருவம்

மலைக்கு ஏறுகிற பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தால் அதிர்ஷ்டம் என்று போளூரில் ஒருவர் சொன்னார். அந்த ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது என்பதை அவர் சொல்லவில்லை. வைகாசி மாதத்துக் கோடை மழை. இரண்டு வளைவு ஏறுவதற்குள் என் இடது பக்கம் முழுக்க நனைந்துவிட்டது. வலது பக்கம் நகரலாம் என்றால் அங்கே ஒரு வெங்காய மூட்டை உட்கார்ந்திருந்தது. மூட்டைக்குச் சொந்தக்காரர் நின்றுகொண்டு வந்தார்.

நான் சென்னையில் ஒரு சின்னப் பதிப்பகத்தில் பிழை திருத்துகிறவள். ஆன்மிகப் புத்தகங்கள்தான் எங்களுக்குச் சோறு போடுகின்றன. இப்போது மகாபாரதத்தை எளிய உரைநடையில் பாகம் பாகமாகக் கொண்டுவருகிறோம். ஸ்திரீ பருவத்தில் வந்து எங்களுக்குள் சண்டை மூண்டது. போர் முடிந்தபின் பெண்கள் களத்துக்கு வந்து தங்கள் ஆண்களின் உடல்களைத் தேடி அழுகிற பகுதி அது. "நாலு பக்கத்துல முடிச்சிடலாம். ஊர்ல பாரதம் சொல்றவங்களே அதைத் தாண்டித்தான் பட்டாபிஷேகத்துக்குப் போறாங்க" என்றார் எங்கள் பதிப்பாசிரியர். ஒரு வரியைக்கூட வெட்ட விடமாட்டேன் என்றேன் நான். "போய்க் கேட்டுட்டு வந்து பேசுங்க" என்றார். அந்தக் கோபத்தில்தான் கிளம்பினேன். ஐம்பத்தெட்டு வயதில், முட்டி வலியோடு, கோபத்தில் எங்கும் கிளம்பக் கூடாது.

எனக்கு முன் இருக்கையில் பிரசங்கியார் தேவராசன். மலைமேல் ஒரு ஊரில் பிற்பகல்தோறும் பாரதம் சொல்லிக்கொண்டிருந்தார். தொண்டை கட்டிவிட்டது என்று அன்று கதைக்கு லீவு விட்டு, மருந்து வாங்கக் காலையில் கீழே இறங்கியவர், என்னையும் கூட்டிக்கொண்டு ஏறினார். மற்ற மாதங்களில் போளூரில் ஒரு ஹார்டுவேர் கடையில் பில் போடுகிறார்.

பாதி மலையில் வண்டி நின்றுவிட்டது. காற்றில் ஒரு மரம் சாலைக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. எங்கள் பல்லாவரத்தில் இப்படி விழுந்தால் மாநகராட்சிக்குப் போன் போடுவோம், பிறகு மரத்தோடு படம் எடுத்துக்கொள்வோம். இங்கே பேருந்திலிருந்து ஏழெட்டு ஆண்கள் பேச்சில்லாமல் இறங்கினார்கள். இருக்கைக்கு அடியிலிருந்து கொடுவாள்கள் வந்தன. எந்த வெட்டும் வீண் போகவில்லை. மழை விடுவதற்குள் அடிமரம் துண்டு துண்டாகி ஓரத்துக்குப் போய்விட்டது.

எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. "எவ்வளவு சுத்தமா வெட்றீங்க!" என்று வெங்காய மூட்டைக்காரரிடம் சொன்னேன்.

அவர் முகம் மலரவில்லை. "இத்தப் பாத்துதாங்க கூட்டினு போறானுங்க."

"எங்கே?"

"ஆந்திராவுக்கு. செம்மரம் வெட்ட." கொடுவாளைத் துடைத்து இருக்கைக்கு அடியில் வைத்தார்.

அந்தக் காத்திருப்பில் பிரசங்கியாரிடம், பாரதம் யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டேன். ஏதோ குருபரம்பரை வரப்போகிறது என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தது உண்மை.

"எனக்கு யாரு மேடம் சொல்லிக் குடுத்தா? எல்லாம் கேசட்டுதான். ஒரு பெரிய பிரசங்கியாரு சொன்னத யாரோ டேப்புல புடிச்சி வெச்சிருந்தாங்க. அத்தப் போட்டுப் போட்டுக் கேட்டு மனப்பாடம் பண்ணேன். பீஷ்மரு அம்புப் படுக்கையில வுழற எடத்துல அவரு இருமுவாரு. நானும் இருமுவேன். இருமலன்னா அடுத்த வரி வராது எனக்கு."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "எங்கிட்ட கத்துக்கினவன் ஒருத்தன் கீழ சொல்றான். அவனும் இருமுறான் மேடம்."

பாரதம் எழுதப்பட்ட கதையை நான் பலமுறை பிழை திருத்தியிருக்கிறேன். நிறுத்தாமல் சொன்னால்தான் எழுதுவேன் என்றார் பிள்ளையார். பொருள் புரிந்தபின்தான் எழுத வேண்டும் என்றார் வியாசர். கேட்க விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் சொன்னவர் வேற்றாள் இல்லை. செத்தவர்களில் எத்தனையோ பேர் அவருடைய பேரன்கள், கொள்ளுப் பேரன்கள். அவர்கள் விழுந்த இடத்துக்கு வந்தபோதும் அவர் நிறுத்தாமல்தான் சொன்னாரா என்பது என் நெடுநாள் சந்தேகம். நிறுத்தியிருந்தால் பிள்ளையார் எழுந்து போயிருக்க வேண்டும். பாரதம் முழுசாக இருக்கிறது, ஆகவே அவர் நிறுத்தவில்லை என்றுதான் கொள்ள வேண்டியிருக்கிறது. பேருந்து மறுபடி கிளம்பியபோது இதைப் பிரசங்கியாரிடம் சொன்னேன். மனிதர் தூங்கிவிட்டிருந்தார்.

பொழுது சாயும் நேரத்தில் ஊர் போய்ச் சேர்ந்தோம். ஆண்கள் இல்லாத வீடு எனக்கு வசதியாக இருக்கும் என்று ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டர் என்னைச் சாந்தி என்பவளின் வீட்டில் தங்கவைத்தார். சாந்திக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். அவளும் மாமியார் காளியம்மாவும் மட்டும்தான்.

சேலை மாற்றிக்கொண்டு வந்தேன். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பலகை, அதற்கு முன்னால் எவர்சில்வர் தட்டில் சாமைச் சோறு, மேலே மொச்சைக் குழம்பு, பக்கத்தில் சொம்பில் தண்ணீர். காளியம்மா திரும்பி நின்று சட்டியைக் கிண்டிக்கொண்டிருந்தார். பசி வந்துவிட்டால் கேட்டுச் சாப்பிடுகிற பழக்கம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை. உட்கார்ந்தேன், சாப்பிட ஆரம்பித்தேன். மழைக்கு அந்தச் சூடு தேவாமிர்தமாக இருந்தது. மொச்சையோடு பலாக்கொட்டையும் போட்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் சாமை என்றால் சர்க்கரை நோய்க்குக் கொடுக்கிற தண்டனை. இங்கே அது சோறு.

காளியம்மா கரண்டியோடு திரும்பினார். என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். ஆட்டைக் கட்டிவிட்டு உள்ளே வந்த சாந்தி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னாச்சு?" என்றேன்.

"ஒண்ணுமில்லமா. நீங்க துன்னுங்க" என்றாள் சாந்தி.

காளியம்மா இன்னொரு தட்டை எடுத்துக் கழுவினார். அதில் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, எதிர்ச் சுவர் ஓரம் வைத்தார். அங்கே யாரும் உட்காரவில்லை. எல்லாரும் சாப்பிட்டு முடித்தபின் சாந்தி அந்தத் தட்டை எடுத்து, ஆறிப்போன சோற்றில் தண்ணீர் விட்டுப் பிசைந்து, மருந்து குடிப்பவள் மாதிரி விழுங்கினாள்.

மறுநாள் காலை தண்ணீர் எடுக்கப் போகும்போது நானே கேட்டேன். "அது அவுரு தட்டும்மா" என்றாள். மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"நாலாவது வருசம் நடக்குது. கட்டட வேலைன்னு சொல்லி வேன்ல கூட்டினு போனாங்க. இந்த ஊர்லருந்து மூணு பேரு. ஒருத்தரு மட்டும் திரும்பி வந்தாரு. காட்டுல ஓடனோம், பின்னால சத்தம் கேட்டுது, நான் திரும்பிப் பாக்கலன்னாரு. அவ்ளோதான் தெரியும். அந்த ஆந்திரா ஜெயிலுக்கெல்லாம் போயி போட்டோவக் காட்டிட்டு வந்தேன். அப்பிடி ஆளே இல்லன்னுட்டாங்க."

"அத்தைக்குத் தெரியுமா?"

"எல்லாம் தெரியும். எம் புள்ள வருவான்னு தெனம் சோறு வெக்குது. வெச்ச சோத்தக் கொட்டக் கூடாதாம். நாந்தான் துன்னணும்." குடத்தை இடுப்புக்கு ஏற்றிக்கொண்டாள். "கருமம் பண்ணிடலாம்னு கவுண்டரக் கேட்டேன். ஒடம்பு இல்லாம எப்பிடிமா, காத்துக்கா கொள்ளி வெக்கறதுன்னாரு. எனக்கு ஒரே ஒரு வாட்டி ஊரு கூடி உக்காந்து அழணும்மா. அழுதுட்டு என் பொழப்பப் பாத்துனு போயிடுவேன். இப்ப நான் பொண்டாட்டியுமில்ல, அறுத்தவளுமில்ல."

அவர் பெயர் என்ன என்று கேட்டேன். சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். புருஷன் பெயரை இங்கே பெண்கள் சொல்வதில்லை. என் மகள் அவள் புருஷனை "டேய்" என்றுதான் கூப்பிடுவாள். அது நினைவுக்கு வந்தும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. காளியம்மாவுக்கு அவர் "எம் புள்ள", இவளுக்கு "அவுரு". நாலு வருஷமாக அந்த வீட்டில் ஒருவரும் பெயரைச் சொல்லவில்லை.

அன்று படுகளம், துரியோதனன் விழுகிற நாள். ஊர்ப் பொட்டலில் துரியோதனனை மண்ணால் படுக்கவைத்திருந்தார்கள். மூன்று மாட்டுவண்டி நீளம் இருக்கும். தொடையில் செந்நீர்ப் பானை புதைத்து, பீமன் வேடக்காரர் கதாயுதத்தால் அடித்து உடைத்தார். பிற்பகலில் பிரசங்கியார் துரியோதனன் விழுந்த கதையைச் சொன்னார். தொண்டை கட்டியிருந்தும் நன்றாகவே சொன்னார். நாளை பட்டாபிஷேகம், எல்லாரும் குளித்துவிட்டு வாருங்கள் என்று முடித்தார். என் பதிப்பாசிரியர் சொன்னது சரிதான். ஸ்திரீ பருவம் போயே போய்விட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பந்தலில் காப்பி குடிக்கும்போது அவரைப் பிடித்துக்கொண்டேன். "ஏன் தாண்டிட்டீங்க?"

"அழுகையிலேயே கதைய நிறுத்திட்டா ஊருக்கு ஆவாது மேடம். அந்தக் கேசட்டுலயும் இல்ல."

நான் அடுத்த குண்டைப் போடுவதற்குள் எங்களுக்குப் பின்னாலிருந்து சாந்தி கேட்டாள். "சாமி, அந்தச் சண்டையில செத்தவங்க எல்லாருக்கும் ஒடம்பு கெடச்சிதா?"

பிரசங்கியார் காப்பியைக் கீழே வைத்தார். "அது கதையில வராதுமா."

"வரும்" என்றேன் நான். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் அந்தப் பக்கங்களை அப்போதுதான் திருத்திவிட்டு வந்திருந்தேன். அவளுக்குச் சொன்னேன். தூரதேசங்களிலிருந்து வந்து செத்தவர்கள் அந்தக் களத்தில் இருந்தார்கள். தேடி வர அவர்களுக்கு யாருமில்லை, முகம் தெரியவில்லை, பெயர் தெரியவில்லை. அவர்களை என்ன செய்வது என்று கண்ணில்லாத திருதராட்டிரன்தான் கேட்டான். ஒருவரையும் விடக் கூடாது என்றார் தர்மர். உடைந்த தேர்களை விறகாக அடுக்கி, நெய் ஊற்றி, அவர்களையெல்லாம் சேர்த்து எரித்தார்கள். பிறகு எல்லாரும் கங்கைக்குப் போய் நீர் வார்த்தார்கள்.

சாந்தி அசையாமல் கேட்டாள். "அப்ப யாருன்னு தெரியாமலே பண்ணலாமா?"

"பண்ணினாங்க."

அவள் பிரசங்கியார் பக்கம் திரும்பினாள். "நாளைக்கு இத்தச் சொல்லு சாமி."

அவள் போனபின் நான்தான் ஆரம்பித்தேன். இந்தக் கதை ஊரறிய முதலில் சொல்லப்பட்டது எந்த இடத்தில்? ஜனமேஜயனின் வேள்வியில். அப்பனைப் பாம்பு கடித்துக் கொன்ற ஆத்திரத்தில் அவன் உலகத்துப் பாம்புகளையெல்லாம் நெருப்பில் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். என் முன்னோர்கள் எப்படிச் செத்தார்கள் என்று அவன் கேட்டான், வியாசரின் சீடர் சொன்னார். அந்தச் சபையில் உட்கார்ந்து கேட்ட ஒரு கதைசொல்லி காட்டுக்குப் போனார், அங்கே முனிவர்கள் கேட்டார்கள், அவர் சொன்னார். யாராவது கேட்டிருக்காவிட்டால் பாரதமே கிடையாது.

"தெரியும் மேடம். மொத நாளே இத்தத்தான சொல்றேன்" என்றார் எரிச்சலாக. பிறகு குரல் இறங்கியது. "பொணம் எரிஞ்ச வாசனையிலதான் கதையே ஆரம்பம். ஆனா இங்க ரெண்டு வூட்டு ஆம்பளைங்க இல்ல. சொன்னா என்ன ஆவும்னு எனக்குத் தெரியல. எனக்குப் பயமா இருக்குது."

எனக்கும் பயமாக இருந்தது. அதை நான் சொல்லவில்லை.

மறுநாள் பிற்பகல் பந்தல் நிறைந்திருந்தது. பட்டாபிஷேகத்துக்கு வெல்லமும் தேங்காயும் தட்டுகளில் தயாராக இருந்தன. பிரசங்கியார் சுருதிப் பெட்டியைப் போட்டார், கண்ணை மூடினார். துரியோதனன் செத்தான், தர்மருக்கு முடி என்று ஊர் எதிர்பார்த்திருக்க, அவர் களத்துக்குள் நடந்து வரும் பெண்களைச் சொல்ல ஆரம்பித்தார். கேசட்டில் இல்லாத இடம் என்பதால் வார்த்தைகள் தடுக்கின. ராகம் இல்லை, உவமை இல்லை. நரி இழுத்துப் போட்ட கையில் மோதிரத்தைப் பார்த்துப் புருஷனை அறிந்த பெண்ணைச் சொன்னார். பந்தலில் மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"இன்னாபா இது, நல்ல நாளும் அதுவுமா?" என்று ஊர்க்கவுண்டர் எழுந்தார்.

"கேட்டுட்டாங்க கவுண்டரே. கேட்டா சொல்லாம வுட முடியாது" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தார். தேடி வர ஆளில்லாதவர்களுக்கு வந்தார். உடைந்த தேர்களை அடுக்கினார். "எந்த ஊரோ, எந்த மலையோ, பெத்தவங்க யாரோ, ஒருத்தருக்கும் தெரியாது" என்றார்.

சாந்தி எழுந்து நின்றாள். "தெரியும் சாமி" என்றாள். "பழனி. காளியம்மா மவன் பழனி. அவுரயும் அதுல சேத்துக்கோ."

பந்தலே மூச்சை இழுத்தது. அவள் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கேட்டதில்லை. நானும் அப்போதுதான் முதலில் கேட்டேன். பின்வரிசையிலிருந்து இன்னொரு பெண் எழுந்திருக்காமலே, தரையைப் பார்த்துக்கொண்டு, "கோபால்" என்றாள்.

பிரசங்கியார் இரண்டு பெயர்களையும் தேர்க் கட்டைகளின் மேல் வைத்தார். நெய் ஊற்றினார், தீ மூட்டினார். கங்கைக் கரைக்குப் போனார். எல்லாருக்கும் நீர் வார்த்து முடிக்கும் நேரத்தில், அதுவரை வாய் திறக்காத குந்தி, கர்ணனும் என் பிள்ளைதான், அவனுக்கும் நீர் விடுங்கள் என்று சொன்னதையும் சொன்னார். சாந்தி தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பெண்கள் அவளைச் சூழ்ந்து தோளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நானும் அழுதேன். பதிப்பாசிரியர் இங்கே இல்லையே என்றும் நினைத்தேன், அப்படி நினைத்ததற்கு வெட்கப்பட்டேன்.

காளியம்மா அழவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அன்று மாலை அடுப்பு மூட்டினார், எங்கள் இருவருக்கும் சோறு போட்டார். எதிர்ச் சுவர் ஓரம் தட்டு வைக்கவில்லை. சாந்தி அந்த இடத்தைப் பார்த்தபடியே சாப்பிட்டாள்.

காலையில் நான் கிளம்ப வேண்டும். துணி மடித்துக்கொண்டிருந்தபோது காளியம்மா அந்தத் தட்டை எடுத்து, சுடச்சுடச் சோறு போட்டு, வெளியே போனார். வாசலுக்கு எதிரே இருந்த பாறையில் சோற்றைத் தட்டோடு வைத்தார். சாந்தி மூச்சுவிடாமல் என் பக்கத்தில் வந்து நின்றாள். செத்தவர்களுக்கு வைக்கிற சோறு அது. சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"கா... கா..." என்று கூப்பிட்டார் காளியம்மா. குரல் எழும்பவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி கூப்பிட்டார்.

காகம் வரவில்லை. எங்கள் தெருவில் அமாவாசையன்று இலையை வைப்பதற்குள் சண்டை போட்டுக்கொண்டு இறங்கும். இங்கே புளியமரம் காலியாக இருந்தது. மழை கழுவிவிட்ட வானம். சோற்றின் ஆவி அடங்கியது. கீழே பேருந்து வந்து நிற்கிற சத்தம் கேட்டது. பிரசங்கியார் பையோடு பாதையில் நின்று என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

காளியம்மா திரும்பினார். நான் வந்ததிலிருந்து அந்த முகத்தில் சிரிப்பைப் பார்த்ததில்லை. இப்போது சிரித்தார். "வரல பாத்தியா? ஒரு காக்காகூட வரல. எம் புள்ள எங்கியோ இருக்கறான்டி." தட்டை எடுக்கக் குனிந்தார்.

சாந்தி ஓடிப்போய் தட்டின் மறு விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "இரு அத்த. இன்னும் கொஞ்ச நேரம் கூப்புடலாம். இரு."

இருவரும் தட்டை விடவில்லை. பேருந்து மறுபடி ஹாரன் அடித்தது. போய்விட்டு வருகிறேன் என்று யாரிடம் சொல்வது என்று தெரியாமல் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

இந்த முறை ஜன்னலுக்குக் கண்ணாடி இருந்தது. "அடுத்து எங்கே?" என்று பிரசங்கியாரைக் கேட்டேன்.

"கீழ ஒரு ஊரு மேடம். ஆனி மாசம்."

"அங்கேயும் சொல்வீங்களா?"

"இனிமே அந்த எடம் வந்தா அந்தப் பேருங்களும் வந்துடும். இருமல் மாதிரிதான்."

"பழனி திரும்பி வந்துட்டா?"

"வரட்டுமே, நல்லதுதான்" என்றார். பிறகு, "எரிச்சிட்டனே மேடம்" என்றார்.

பேருந்து முதல் வளைவில் திரும்பியபோது ஊர் பள்ளத்துக்கு அப்பால் தெரிந்தது. காளியம்மா தட்டை மடியில் வைத்துக்கொண்டு பாறையடியில் உட்கார்ந்திருந்தார். சாந்தி பாறைமேல் ஏறி நின்று, இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். எஞ்சின் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டு வானத்தைப் பார்த்தேன். ஒரு காகம்கூட இல்லை.